யானைக்குள்ளே வெயில்

மலேசியாவில் ஈப்போ நகரத்தில், ஈயம் தோண்டிய பழைய குட்டை ஒன்றை ஒட்டி ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. அன்னப்பறவைப் படகு, குட்டி ரயில், ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் கார்கள் எல்லாம் உண்டு. எண்பதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே யானையாக இருந்தேன்.

முதலில் கூட்டுகிற வேலைக்குத்தான் போனேன். ஆயர் தாவார் பக்கம் எங்கள் தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது, நாங்கள் ஈப்போவுக்கு வந்துவிட்டோம். பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் புலி, முயல், யானை என்று மூன்று வேடங்கள் சுற்றி வரும். யானையாக இருந்த ஆள் வெயில் தாங்காமல் ஒரு மதியம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். யானை வேடம் நாற்காலியில் துவண்டு கிடந்தது. மேனேஜர் சுற்றும் முற்றும் பார்த்தார். குள்ளமாகவும், எதற்கும் மறுப்புச் சொல்லத் தெரியாதவளாகவும் நான் ஒருத்திதான் அவர் கண்ணில் பட்டேன்.

நாலு பேர் இருக்கிற இடத்தில் நான் நிமிர்ந்து பார்க்கமாட்டேன். கல்யாண வீட்டில் யாராவது கையைப் பிடித்து இழுத்துப் போய் உட்கார வைத்தால்தான் எனக்குச் சாப்பாடு. அப்படிப்பட்டவள் யானைத் தலையை மாட்டியதும் இடுப்பை ஆட்டினேன். தும்பிக்கையைச் சுழற்றினேன். பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க இன்னும் ஆட்டினேன். யார் இது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

வீட்டில் மட்டும் சொல்லவில்லை. நான் குப்பை கூட்டுவதாகவே எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரருடைய தங்கை பக்கத்துத் தெருவில் குடியிருந்தாள். நான் பேசாததையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். அண்ணன் பொண்டாட்டி கூட்டத்தில் இடுப்பை ஆட்டுகிறாள் என்று அவள் காதில் விழுந்தால் அன்றோடு வேலை போச்சு. எனக்கோ அதை விட மனமில்லை. வாயைத் திறக்காமலே மனிதர்களோடு பழக எனக்குக் கிடைத்த ஒரே இடம் அது.

ஆனால் வெயில். உடம்பு முழுக்கக் கம்பளித் துணி, அதற்குள் ஸ்பாஞ்சு. தலை, பிரம்புக் கூட்டின்மேல் காகிதம் ஒட்டிச் செய்தது. யானையின் வாய் வழியாகத்தான் வெளியே பார்க்க வேண்டும், மூச்சும் அதே வழிதான். பிள்ளைகள் பார்க்கிற இடத்தில் தலையைக் கழற்றக்கூடாது என்பது மேனேஜர் போட்ட சட்டம். அதனால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, டிக்கெட் கொட்டகைக்குப் பின்னால் போய்க் கழற்றி ஆறிக்கொள்வோம்.

அந்தக் கொட்டகைக்குப் பின்னால் எங்களுக்குள் ஓயாத சண்டை. புலி வேடம் போட்டவர் ஒரு சீனக் கிழவர், நாங்கள் அப்பெக் என்போம். முயல் ஒரு மலாய்ப் பெண். மலாயில்தான் பேசிக்கொள்வோம். வெயிலுக்கு எது நல்லது என்று ஒவ்வொருவரும் ஒன்று வைத்திருந்தோம்.

அப்பெக்குக்குச் செவ்வந்திப்பூத் தண்ணீர். அதையும் ஆற வைத்துத்தான் குடிப்பார். "ஐஸ் மட்டும் குடிக்காதே. காஞ்ச வாணலில தண்ணி ஊத்துன மாதிரி, உள்ள எல்லாம் வெடிச்சிரும்."

"அப்பெக் சொல்றபடி கேட்டா நமக்கும் அப்பெக் மாதிரி முகம் வந்துரும், அக்கா," என்பாள் முயல். அவளுடையது பெடாக் செஜோக். அரிசிமாவு உருண்டையைத் தண்ணீரில் குழைத்து முகத்தில் பூசிக்கொண்டால் ஜில்லென்று இருக்கும். வேடத்தின் தலைக்குள் எப்படிப் பூசியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

என்னுடையது தோட்டத்துப் பழக்கம். பால்மரம் சீவப் போகும்போது கொண்டு போவோமே, உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர், அதில் நசுக்கிய சின்ன வெங்காயம். போத்தலை ஈரத்துணியால் சுற்றி நிழலில் வைத்துவிடுவேன். தீபாவளிக்கு நாத்தனார் எடுத்துக் கொடுத்த மஞ்சள் பூப்போட்ட புடவை கிழிந்து போயிருந்தது. அதில் ஒரு துண்டுதான் போத்தலுக்குச் சட்டை.

"யானைக்கிட்ட வெங்காய வாசம் வருது லா," என்று அப்பெக் மூக்கைப் பொத்துவார். "புலியே பயந்து ஓடுது பாரு."

கடைசியில் மூன்று பேரும் மூன்றையும் செய்தோம். எது வேலை செய்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அந்தப் பூங்காவுக்கு நம் ஆட்கள் வந்தால்தான் எனக்குக் கஷ்டம். சீனப் பிள்ளைகள் யானையோடு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நம் ஆட்களுக்கு அது போதாது. யாரோ ஓர் அம்மா முதலில் தன் குழந்தையின் தலையைக் குனிய வைத்து என் தும்பிக்கையைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். அவ்வளவுதான், பின்னாலேயே வரிசை நின்றுவிட்டது. பேப்பர் யானை என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் யானை யானைதானே என்று நிற்பார்கள். ஒருவர் தும்பிக்கைக்குள் வாழைப்பழத்தைத் திணித்துவிட்டுப் போனார். அந்த வாடை அடுத்த வாரமும் போகவில்லை.

பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிறு. மழையே இல்லாத நாட்கள், ஊரைச் சுற்றியிருக்கிற சுண்ணாம்பு மலைகூட வெளுத்துப் போய்த் தெரிந்தது. வரிசை நீண்டுகொண்டே போனது. ஆறப் போக வேண்டிய நேரம் எப்போதோ கடந்துவிட்டது. அப்போதுதான் யானை வாய் வழியாகப் பார்த்தேன். வரிசையில் அடுத்தது என் நாத்தனார், இடுப்பில் அவள் மகள்.

எனக்கு வியர்வை நின்றே போனது. பிள்ளை தலையில் தும்பிக்கையை வைத்தேன். நாத்தனார் நகர்ந்துவிடுவாள் என்று பார்த்தால், கையைக் கூப்பிக்கொண்டு கிட்டே வந்தாள்.

"பிள்ளையாரப்பா, புள்ளைக்கு நல்லா படிப்பு வரணும். அப்புறம் எங்க அண்ணி ஒருத்தி இருக்கு. அது வாயையும் கொஞ்சம் தொறந்து வையி. ஒரு வார்த்த பேசுனா முத்து உதுந்துருமா என்ன?"

சிரிப்பும் வந்தது, தலையும் சுற்றியது. கால் இரண்டும் மடங்கின. புலி ஓடி வந்து என்னைத் தாங்கியது, முயல் மறுபக்கம் பிடித்தது. கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய்த் தலையைக் கழற்றினார்கள். கண்ணைத் திறந்தால் எதிரே நாத்தனார். பிள்ளையை மர நிழலில் நிறுத்திவிட்டு என்னவோ ஏதோ என்று பின்னாலேயே வந்துவிட்டாள்.

முடிந்தது கதை என்று நினைத்தேன். அவளோ என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு மலாயில் கேட்டாள், "காக், பானாஸ்கா?"

அக்கா, சூடா இருக்கா என்று கேட்கிறாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முகம் முழுக்க அரிசிமாவுப் பூச்சு, தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு. பொட்டும் இல்லை. என்னை மலாய்க்காரப் பெண் என்று நினைத்துவிட்டாள்.

"பானாஸ்," என்றேன் மெல்ல.

முயலுக்குச் சிரிப்பு வந்து திரும்பிக்கொண்டது. நாத்தனார் முந்தானையால் எனக்கு விசிறினாள். பக்கத்தில் இருந்த போத்தலை எடுத்தாள், மூடியைத் திறந்து முகர்ந்தாள். பிறகு ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதிலிருந்த மஞ்சள் பூவை விரலால் தடவினாள். என் வாயில் கஞ்சித் தண்ணீரை ஊற்றிவிட்டு, "மினும், மினும்," என்று மலாயிலேயே குடிக்கச் சொன்னாள். குடித்தேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். தப்பித்தேன் என்று அப்பெக்கிடம் பெருமையாகச் சொன்னேன்.

மறுநாள் சாயந்திரம் நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். கையில் காகிதப் பொட்டலம் நிறையச் சின்ன வெங்காயம். என் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"நேத்து பூங்காவுல ஒரு யானைய பாத்தேண்ணே," என்றாள். "பாவம், மயங்கி விழுந்திருச்சு. அது குடிக்கிற கஞ்சில வெங்காயமே பத்தல லா."

"யானைக்கு எதுக்கு வெங்காயம்?"

"எனக்கென்ன தெரியும்? அண்ணிய கேளு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நாத்தனாரின் கண் முழுக்கச் சிரிப்பு. அதில் கோபமோ ஏளனமோ இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

"நசுக்கிப் போட்டா உடம்புக்குக் குளிர்ச்சி," என்றேன். கொஞ்சம் யோசித்து இன்னொன்றும் சொன்னேன். "வெயில்ல ஆடுறவங்களுக்கு நல்லது."

"பாத்தியா," என்றாள் அண்ணனிடம். "நேத்துதான் வேண்டிக்கிட்டேன், இன்னிக்கே பலிச்சிருச்சு."

என் வீட்டுக்காரருக்கு விளங்குவதற்கு இன்னும் ஒரு வாரம் பிடித்தது.

அடுத்த ஞாயிறும் நாத்தனார் பூங்காவுக்கு வந்தாள். இந்த முறை வரிசையில் நிற்கவில்லை, வரிசைக்கு முன்னால் நின்றாள். நான் லேசாகத் தலையைச் சாய்த்தால் போதும், கையை விரித்துக் கூட்டத்தை மறித்துவிடுவாள்.

"போதும் போதும், யானை தண்ணி குடிக்கப் போவுது. எல்லாரும் தள்ளி நில்லுங்க. சாமியா இருந்தாலும் அதுக்கும் வேர்க்கும்லா?"