கரண்ட் பெட்டிக்குத் தைத்த உறை

தூக்கத்தில் என் மனைவிக்கு மூச்சு விட்டுவிட்டு நின்றுபோகிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவள் முகத்தில் மாஸ்க் மாட்டித்தான் தூங்குகிறாள். கட்டில் பக்கத்தில் ஒரு சின்ன மெஷின், குழாய் வழியாகக் காற்றை ஊதும். கரண்ட் போனால் அது நிற்கும், அவளும் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். போன புயலில் கருவடிக்குப்பத்தில் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரத் தாமதமானபோது நாற்காலியில் சாய்ந்தபடியே தூங்கினாள். அதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு உறுத்தியது வேறு.

சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை பார்த்தவள் அவள். அன்று கம்பெனி பஸ்ஸில் ஒன்றாகப் போய்வந்த பெண்கள் இன்றும் பொங்கல் கழிந்ததும் அரியாங்குப்பம் தாண்டி, கடலோரச் சவுக்குத் தோப்பு ஒன்றில் வாடகைக் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்குவார்கள். வீட்டுக்காரர்களைச் சேர்ப்பதில்லை. மெஷின் வந்த பிறகு இவள் போகவே இல்லை. "முதுகு வலிடி" என்று போனில் சொல்லிவிடுவாள். மெஷினைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கூடாரத்துக்கும் தூக்கிப் போகலாம், புயல் காலத்தில் வீட்டுக்கும் ஆகும் என்று நான் பவர் ஸ்டேஷன் தேட ஆரம்பித்தேன். பிளக் சொருகும் இடங்களுடன், கைப்பிடி வைத்த பேட்டரிப் பெட்டி. அவளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் இன்வெர்ட்டர் விற்கிறவர் கேட்கும் கேள்வியையே கேட்டார்: "எத்தன ஃபேனு, எத்தன லைட்டு சார்?" நான் மெஷினைச் சொன்னேன். இதில் இரண்டு கணக்கு இருக்கிறது. பெட்டி ஒரே சமயத்தில் எவ்வளவு கரண்ட் தரும் என்பது ஒன்று, மொத்தம் எவ்வளவு சேர்த்து வைத்திருக்கும் என்பது இன்னொன்று. இரவு முழுக்க ஓட இரண்டாவதுதான் முக்கியம். மெஷினில் காற்றை ஈரமாக்கத் தண்ணீரைச் சூடாக்கும் பகுதியை நிறுத்தினால் பாதிச் செலவு குறையும். கடற்கரைக் காற்றுக்கு அது தேவையும் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கணக்கெல்லாம் சரியாகத்தான் போட்டேன். ஆனாலும் என் கண் பெரிய பெட்டி மேலேயே போயிற்று. அதில் ஃப்ரிட்ஜ் ஓடும். எடைதான் ஏறக்குறைய ஒரு சிப்பம் அரிசி. அவள் ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். தரையை விட்டு எழும்பவில்லை.

"ஃப்ரிட்ஜுக்கு வாங்குறீங்களா, எனக்கு வாங்குறீங்களா?"

"புயல் வந்தா மீனெல்லாம் வீணாப்பூடும்."

"புயல் நேரத்துல மீனு எங்க கெடைக்குது?"

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தார். மெஷின், ஒரு ஃபேன், ஒரு லைட்டுக்குப் போதும். அவள் அதைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை நடந்து காட்டினாள்.

எங்கள் வீட்டில் மிக்ஸிக்கு உறை உண்டு, டிவிக்கு உண்டு, தண்ணீர் கேனுக்கும் உண்டு. புதுப் பெட்டி மட்டும் அம்மணமாக இருக்க முடியுமா? ஜன்னல் திரையில் மிஞ்சிய துணியில், கீழே சுருக்கம் வைத்து, கச்சிதமாக ஓர் உறை தைத்துவிட்டாள். பிளக்குக்கு மட்டும் ஓட்டை. இந்தத் தடவை தோப்புக்கு வருகிறேன் என்று தோழிகளுக்குப் போனில் சொல்லியும்விட்டாள். மறுநாள் மத்தியானம் சாப்பிட்டதும் மாஸ்க்கை மாட்டிப் படுத்தாள். சோதனை ஓட்டம். நான் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"நின்னுபூட்ச்சி. தோப்புல இப்டி நின்னா நா இன்னா பண்ணுவேன்? அவளுங்க எல்லாம் எழுந்து என்னியத்தான் பாப்பாளுங்க. நா வர்லன்னு சொல்லிடறேன்."

போனைக் கையில் எடுத்துவிட்டாள். நான் போய்ப் பெட்டியைத் தொட்டேன். உறை, இஸ்திரி போட்டு எடுத்த சட்டை போல் சுட்டது. இருபக்கமும் காற்று போய்வரும் துவாரங்கள் துணிக்குள் அடைபட்டிருந்தன. சூடு தாங்காமல் பெட்டி தானாக நின்றிருக்கிறது.

"போன வையி. அதுக்கும் மூச்சு முட்டுது."

அவள் உறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அழகா தச்சிருந்தேன்" என்றாள். உறையைக் கழற்றி மறுபடி படுத்தவள், நான் டீ போட்டு எழுப்பும்வரை தூங்கினாள்.

தோப்புக்குப் போனாள். மறுநாள் காலை அழைத்துவர நான் போனபோது கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய பஸ் கூட்டாளி ஒருத்தி என்னைக் கண்டதும் சத்தம் போட்டாள்: "அண்ணே, ஒங்க பெட்டி செத்துப்பூட்ச்சி!"

விடியும்வரை பெட்டியை யாரும் தொடக் கூடாதென்று என் மனைவி படுக்கும்முன்பே கட்டளை போட்டிருக்கிறாள். போன் சார்ஜ் போட வந்தவர்களை விரட்டியிருக்கிறாள். காலையில் அவள் எழுந்ததும் இவர்கள் கரண்ட் கெட்டிலைச் சொருகியிருக்கிறார்கள். கெட்டில் இழுத்த கரண்டைத் தாங்காமல் பெட்டி ஒரு தடவை கத்திவிட்டு அணைந்துவிட்டதாம்.

"இவ மூஞ்சில அத மாட்டினதும் சிரிச்சோம்ண்ணே. அப்பறம் பாத்தா கொறட்ட உடாம தூங்குனது இவ ஒருத்திதான்."

"ஒங்க கொறட்டைல பெட்டி நின்னா கூட எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள் என் மனைவி.

சுள்ளி எரித்துப் போட்ட டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள். மாஸ்க்கின் வார் அழுந்திய சிவந்த கோடு இரண்டு கன்னத்திலும் இருந்தது. வீட்டில் பால்காரர் மணியடித்தால்கூட முந்தானையால் கன்னத்தை மறைத்துக்கொண்டு போகிறவள். அங்கே முகத்தைத் துடைக்கவும் இல்லை. "ஒங்களுக்கும் ஒரு டீ சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தோழியின் பக்கம் திரும்பி, பாதியில் விட்ட கதையைத் தொடர்ந்தாள்.