ஐபோமியாவில் எந்த ‘ப’?

என் மகள் பேசத் தொடங்கியதே தாமதமாகத்தான். இப்போது இரண்டாம் வகுப்பு. வீட்டில் வாய் ஓயாது. வெளியாள் யாராவது எதிரில் நின்றால் என் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். திருப்போரூரில் அவள் படிக்கும் பள்ளியில், மாமல்லபுரம் பக்கத்துக் கடற்கரையில் ஒரு நிகழ்ச்சி ஏற்பாடு செய்தார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு செடியின் பக்கத்தில் நின்று, அதன் தமிழ்ப் பெயரையும் தாவரவியல் பெயரையும் பெற்றோர் முன்னால் சொல்ல வேண்டும். இவள் தானாகவே கை தூக்கிப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். முதல் முறை. இது மட்டும் நல்லபடியாக நடந்துவிட்டால் போதும் என்றிருந்தது எனக்கு.

அவளுக்குக் கிடைத்தது அடப்பங்கொடி. மணலில் படர்ந்து ஊதாப் பூ பூக்குமே, அது. நான் பாட்டனி படித்தவள் என்று தெரிந்துதான் கஷ்டமானதைக் கொடுத்ததாகச் சொன்னார் அவளுடைய ஆசிரியை. தென்னை கிடைத்த பிள்ளையின் அம்மாவுக்கு என்ன கவலை? கோகோஸ் என்பதை யார் சொன்னாலும் கோகோஸ்தான். எங்களுக்கு வந்தது ஐபோமியா பெஸ் கேப்ரே.

அப்படித்தான் அதைச் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் எங்கள் பேராசிரியர் அப்படிச் சொல்வார். நான் அந்தப் பெயரை எத்தனையோ தேர்வுகளில் எழுதி, மறக்காமல் அடிக்கோடும் போட்டிருக்கிறேன். ஓர் எழுத்து மாறினால் மதிப்பெண் போகும். ஆனால் வாய்விட்டுச் சொல்லு என்று ஒருவரும் கேட்டதில்லை. மகளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோதுதான் சந்தேகம் வந்தது. கைப்பேசியில் தேடினேன். ஒருவர் ‘இப்போமீயா’ என்றார், இன்னொருவர் ‘இப்போமோயா’. ‘கேப்ரீ’ என்று ஒரு அம்மாள் முடித்தார். ‘காப்ரை’ என்றது வேறொரு குரல். கடைசியாகப் பார்த்த காணொளியில், லத்தீன் இன்று யாருக்கும் தாய்மொழி இல்லை, எப்படிச் சொன்னாலும் தன்னம்பிக்கையோடு சொன்னால் சரி என்றார்கள். தன்னம்பிக்கை இருந்தால் நான் ஏன் அந்தக் காணொளியைப் பார்க்கப் போகிறேன்?

இத்தனைக்கும் பொருள் எளிது. பெஸ் கேப்ரே என்றால் ஆட்டின் கால். இலை ஆட்டுக் குளம்பு மாதிரி பிளந்திருக்கும். நம் ஊரிலும் ஆட்டுக்கால் கொடி என்பவர்கள் உண்டு. அவள் அதைக் கேட்டதும் சிரித்து, உடனே மனதில் வைத்துக்கொண்டாள். பொருள் தங்கிவிட்டது, ஒலிதான் தங்கவில்லை.

படித்துப் பழகட்டும் என்று தமிழில் எழுதிக்கொடுத்தேன். நான் சமைத்துக்கொண்டிருந்தபோது என் கணவர் அவளைப் படிக்கவைத்தார். அவர் கருங்குழிக்காரர்; சிறுசேரியில் வேலை. சிறிது நேரத்தில் அப்பாவும் மகளும் சேர்ந்து பாடுவது கேட்டது. கேட்டதும் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். ‘படம்’ என்பதில் வரும் ‘ப’வுக்குப் பதில் ‘கோபம்’ என்பதில் வரும் ‘ப’வைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. நடுவில் ஒற்றை ‘ப’ வந்தால் தமிழ் வாய் அப்படித்தான் படிக்கும். ‘ஐப்போமியா’ என்று ஒற்று சேர்த்து எழுதினேன். இப்போது அவள் அந்த ‘ப்’பில் அழுத்தி நின்று, விக்கல் வந்தவள் போலச் சொன்னாள். நான் திருத்தினேன். மறுபடியும் சொன்னாள். மறுபடியும் திருத்தினேன்.

“கொயந்தைய வுடும்மா,” என்றார் அவர். “செடி பேருதானே. இது இன்னா ரேசன் கார்டா, ஒரு எயுத்து மாறினா பேஜாராவ?”

அவருக்கென்ன. மறுநாள் பள்ளியில் ஒத்திகை பார்த்துவிட்டு வந்தவள், நான் சொல்லிக்கொடுத்தது தப்பு என்றாள். ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ‘ஓ’வும் ‘ஈ’யும் அடுத்தடுத்து இருக்கின்றன, இரண்டையும் சொல்ல வேண்டும் என்று மிஸ் சொல்லிவிட்டாராம்: ‘ஐப்போமோயியா’. ஆசிரியைக்கு ஒரு செய்தி தட்டினேன். இப்படியும் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். அவரைத் திருத்துவது போல இருந்தது, அழித்தேன். எது சரி என்று கேட்பது போல மாற்றினேன். பாட்டனி படித்தவளுக்கு இது தெரியாதா என்று தோன்றும், அதையும் அழித்தேன். மகளிடம், மிஸ் சொன்னபடியே சொல்லு என்றேன். பிறகு மனம் கேளாமல், இரண்டையும் சொல்லிப் பார் என்றேன்.

நிகழ்ச்சி அன்று கடற்கரையில் வெயில் ஏறிவிட்டது. அவள் முறை வந்தது. கொடியின் பக்கத்தில் நின்று, “என் செடி அடப்பங்கொடி,” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். எனக்கு மூச்சு திரும்பியது. “இதன் தாவரவியல் பெயர்...” என்றவள் நின்றுவிட்டாள். ஒரு பக்கம் ஆசிரியையின் உதடுகள் அசைந்தன. மறுபக்கம் என்னுடையவையும் அசைந்துகொண்டிருந்ததை நான் உணரவே இல்லை.

“யார் சொன்னதம்மா சொல்றது?” என்றாள். “மிஸ் சொன்னதா, நீ சொன்னதா?”

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. “எதுனா ஒண்ணு சொல்லு கண்ணு, செடி இன்னா திரும்பியா பாக்கப் போவுது,” என்று பின்னாலிருந்து என் கணவர் குரல் கொடுக்க, சிரிப்பு இன்னும் கூடியது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு நிமிரவில்லை. ஆசிரியையே அந்தப் பெயரைச் சொல்லி முடித்தார். பதற்றமோ என்னவோ, அவர் சொன்னது அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியும் இல்லை. கை தட்டினார்கள். அடுத்து தென்னை.

திரும்பும் வழியில் சாலையோரம் மாங்காய் நறுக்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். வண்டியை நிறுத்தினோம். “இன்னா பாப்பா வோணும்?” என்று கேட்டார் கடைக்கார அம்மா. இவள் என் துப்பட்டாவை இழுத்து, காதருகில் கேட்டாள்.

“மாங்கான்னு சொல்லணுமா, மாங்காய்னு சொல்லணுமாம்மா?”

“ரெண்டும் சரிதான்டா.”

“ரெண்டும் எப்டிம்மா சரியாவும்?”

நீயே கேள், எப்படிக் கேட்டாலும் தருவார்கள் என்றேன். கடைக்கார அம்மா கத்தியைக் கையில் வைத்தபடி காத்திருந்தார். அவள் அவரையும் பார்த்தாள், என் வாயையும் பார்த்தாள். பிறகு, மிளகாய்ப்பொடி தூவிய துண்டை விரலால் காட்டினாள்.