கோமதி மேடம் குத்தாத இடங்கள்

சங்கரன்கோவிலில் எங்கள் பிசியோதெரபி நிலையத்துக்கு வந்துபோனவர்களுக்குச் செய்தி எட்டியிருக்கும். நோயாளி ஒருவருக்கு இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டிருந்தபோது, அங்கே என்னோடு வேலை பார்த்த கோமதி மேடத்தின் கணவர் போன் செய்தார். "கோமதி போயிட்டா சார்." காய்ச்சலென்று மதுரை ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர் திரும்பி வந்துவிடுவார் என்றே நினைத்திருந்தேன். பெல்ட்டைக் கட்டி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் அக்குபஞ்சர் வகுப்புக்குப் போனோம். சில ஞாயிற்றுக்கிழமைகள், கடைசியில் ஒரு சான்றிதழ், மட்டன் பிரியாணி. நாங்களெல்லாம் பிரியாணியில் குறியாக இருக்க, மேடம் வகுப்பெடுத்தவரை விடவில்லை.

"தோள்பட்டையில குத்துதோமே சார், கீழ நுரையீரல் எவ்வளவு ஆழத்துல இருக்கு?"

"ஆளுக்கு ஆள் மாறும். பயப்படாம குத்துங்க" என்றார் அவர்.

மேடம் பயந்தார். தோள், கழுத்து, மார்புப் பக்கம் கடைசிவரை ஊசியைக் கொண்டுபோகவே இல்லை. கை, கால், இடுப்போடு சரி.

வலி போய்விட்டதென்று யாராவது சொன்னால் எனக்குப் பெருமை தாங்காது. அவருக்கோ சந்தேகம் வந்துவிடும். "ஏன் போச்சு?" என்று என்னைப் போட்டுக் குடைவார். விசைத்தறி ஓட்டும் அண்ணாச்சி ஒருவர் இடுப்புவலிக்கு எங்களிடம் ஊசி போட்டுக்கொண்டு, அடுத்த முறை சிரித்த முகமாக வந்தார். மேடம் அவர் காலையே பார்த்தார். இடது செருப்பு நடக்க நடக்கக் கழன்றுகொண்டிருந்தது. பாதத்தை மேலே தூக்கச் சொன்னார். முழுதாக வரவில்லை.

"இனி ஊசி கிடையாது. இன்னைக்கே திருநெல்வேலிக்குப் போயி டாக்டரப் பாருங்க."

"வலியே இல்லங்குதேன், பெறவு எதுக்கு?"

"அதான் அண்ணாச்சி பயமா இருக்கு. வலி ஊசியால போச்சா, நரம்பு மரத்துப் போச்சா? எனக்குத் தெரியல."

அண்ணாச்சி கோபத்தோடு போனார். ஆனால் திருநெல்வேலிக்குப் போனார். முதுகெலும்பில் நரம்பு நசுங்கியிருந்தது. தாமதித்தால் பாதம் தூக்கவே வராது என்று சொல்லி அறுவை சிகிச்சை செய்தார்கள். இப்போது தறிக்கூடத்துக்கு நடந்தே போகிறார். நான் பாராட்டியபோது, "அப்போ நம்ம ஊசி என்னதான் செஞ்சுது சார்?" என்றார் மேடம்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, நோயாளியின் முகத்துக்கு நேராக 'எனக்குத் தெரியாது' என்று சொல்லும் துணிச்சல். நேற்று ஒருவர் கழுத்தில் ஊசி கேட்டார். "அதுக்கு நான் படிக்கல" என்றேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுந்தார். பெரிய ஆஸ்பத்திரிக்கு வழி சொன்னேன், ஊசி போடுகிறேன் என்று அவரைத் திருப்பிக் கூப்பிடவில்லை.