என் பேரில் ஏறிய எடை

கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் இரண்டு பேர் வரும். மேலே முதலாளி பேர். கீழே என் பேர். என் பேரை அழுத்தி, நாலு எழுத்து பாஸ்வேர்டைத் தட்டினால் எடை போடும் புரோகிராம் திறக்கும். பதினெட்டு, பத்தொன்பது வருசமாக என் வேலை இப்படித்தான் தொடங்குகிறது. நான் எட்டாவது வரைதான் படித்தேன். ரேஷன் கார்டையும் ஓட்டு அட்டையையும் விட்டால் என் பேரை எழுத்தில் பார்ப்பது அந்தத் திரையில்தான். அதை அங்கே வைத்தவர் மேடம்.

கள்ளக்குறிச்சியில் துருகம் ரோட்டில் முதலாளிக்கு எடைமேடை இருந்தது. லாரி இரும்பு மேடையில் ஏறி நின்றால் பக்கத்து அறையில் இருக்கும் கம்ப்யூட்டரில் எடை வரும். அந்த அறையில் இருப்பவன் நான். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு வண்டிகள் விடியும்போது இறங்கி, இங்கே எடை போட்டுக்கொண்டு ஜவ்வரிசி மில்லுக்குப் போகும். மற்ற மில்களுக்கும் முதலாளி எடைமேடை அமைத்துக் கொடுப்பார். கூடவே எடை போடும் புரோகிராமும் போகும். அதை எழுதியவர் மாடி அறையில் இருந்த மேடம். கச்சிராயபாளையம் காலனியைச் சேர்ந்தவர். அவருடைய அம்மாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை. ஒதுக்கீட்டில் சீட் வாங்கி இஞ்சினியரிங் படித்தவர் மேடம். அவர் காதில் விழாத தூரத்தில் முதலாளி 'கோட்டா மேடம்' என்பார். மேடத்துக்கு அது தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

என் பேர் திரையில் ஏறிய அந்த வருசம் கம்ப்யூட்டருக்குப் புது ஆபரேட்டிங் சிஸ்டம் வரப்போவதாகச் சொன்னார்கள். மில்காரர்கள் எல்லாம் ஒரே பேச்சாக நின்றார்கள். புது சிஸ்டத்தில் இந்த புரோகிராம் சரியாக ஓடும் என்று சென்னையில் இருக்கும் சோதனைக்கூடம் சான்று கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம் என்றார்கள். முதலாளி மேடத்துக்கு மூன்று மாதம் கெடு வைத்தார். சான்று வரவில்லை என்றால் மாடி அறையைப் பூட்டிவிட்டு வேறு கம்பெனி புரோகிராமை வாங்கி விற்பதாகச் சொல்லிவிட்டார். மேடத்தின் நாலு வருச உழைப்பு அது. வீட்டில் சம்பாதிப்பதும் அவர் ஒருவர்தான்.

மத்திய அரசுக் கல்லூரிகளில் பிற்படுத்தப்பட்டவர்களுக்கு வரவிருந்த ஒதுக்கீட்டை எதிர்த்து வடக்கே கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த சமயம். எதிர் டீக்கடை டிவியில் தினமும் காட்டுவார்கள். பெரிய கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் வெள்ளைக் கோட்டோடு துடைப்பம் பிடித்து ரோடு கூட்டினார்கள். ஒதுக்கீடு வந்தால் தங்களுக்கு இந்த வேலைதான் மிஞ்சும் என்று அதற்கு அர்த்தமாம். மேடம் டீ கிளாசைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பார்த்தார். "புடிக்கவே தெரியல பாருங்கண்ணா. இப்டிக் கூட்டுனா தூசுதான் கெளம்பும்" என்றார். டீயைக் குடித்து முடித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

புது சிஸ்டம் போட்ட கம்ப்யூட்டரை என் அறையில் வைத்தார்கள். அதுவரை பாஸ்வேர்ட் கிடையாது, யார் உட்கார்ந்தாலும் முதலாளி பேரில்தான் திறப்போம். மேடம்தான் என் பேரையும் அதில் ஏற்றினார். "மொதலாளிக்கு எல்லா அதிகாரமும் இருக்கும். உங்களுக்கு இருக்காது. அப்டி அதிகாரம் இல்லாத ஆள் ஒக்காந்தாலும் ஓடணும்ணா. அதான் டெஸ்ட்டு" என்றார். நான் என் பேரில் எடை போட்டேன். எண் வந்தது. சீட்டும் அடித்தது. எல்லாம் சரி என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் முதலாளி மில்லிலிருந்து வந்த கணக்கோடு ஒத்துப் பார்க்கத் தன் பேரில் திறந்தார்.

"பன்னெண்டு லோடு எங்கடா?"

"போட்டேங்க."

"போட்டா எங்க போச்சு? மெசினு துன்னுட்சா?"

வாசலில் நின்ற கிழங்கு லாரி டிரைவர் சிரித்தார். "பன்னெண்டு லோடும் இவருதாங்க முழுங்கியிருப்பாரு. வவுறுதான் காட்டிக்குடுக்கல."

சீட்டின் அடிக்கட்டையை எடுத்து நீட்டினேன். முதலாளி அதை வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நெல் மூட்டை குறைந்தபோது என் அப்பனையும் ஒருவர் களத்து மேட்டில் அப்படிப் பார்த்திருக்கிறார்.

மேடம் இறங்கி வந்தார். என் பேரில் திறந்தார். பன்னிரண்டு லோடும் இருந்தன. முதலாளி பேரில் திறந்தார். ஒன்றும் இல்லை. இரண்டு தரம் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணன் மேல தப்பில்லீங்க. நா எழுதுனதுலதான் தப்பு."

எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். புரோகிராம் இருக்கிற இடத்திலேயே எடையையும் எழுதி வைக்கும்படி அவர் செய்திருந்தார். பழைய சிஸ்டத்தில் அதற்குத் தடை இல்லை. புதியது அந்த இடத்தில் முதலாளியை மட்டும் எழுதவிடும். என்னைப் போன்றவன் எழுதினால் அதைத் தனியாக ஒரு மூலையில் ஒதுக்கி வைத்துவிடும். எழுதியவனுக்கும் சொல்லாது, முதலாளிக்கும் காட்டாது. சோதனைக்கு முன்பே அனுப்பியிருந்த புரோகிராமுக்கு அதே வாரம் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. அங்கேயும் இதையே கண்டுபிடித்திருந்தார்கள். தேறவில்லை.

கடிதத்தோடு ஒரு படிவமும் இருந்தது. அதிகாரம் உள்ளவர் திறந்தால்தான் இந்த புரோகிராம் ஓடும் என்று எழுதி விலக்குக் கேட்கலாம், கேட்டால் சான்று கிடைக்கும். முதலாளிக்கு அது பிடித்துப்போயிற்று.

"எழுதிக் குடுத்துரும்மா. நா வந்து பாஸ்வேர்ட் போட்டுத் தொறந்து உட்டுர்றேன். இன்னா இப்போ?"

தன் பாஸ்வேர்டை அவர் எனக்குத் தரமாட்டார். அவர் வருவது பத்து மணிக்கு. வண்டிகள் வருவது ஐந்தரைக்கு. முதல் நாள் பிடுங்கின கிழங்கு நாலரை மணி நேரம் வெயிலில் நின்றால் எடை குறையும். குறைவது மலையில் பாடுபட்டவனுக்கு. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்றைக்குப் பேசினேன்.

"கெழங்கு காயுங்க."

"நீ பேசாத" என்றார் முதலாளி. பிறகு மேடத்தைப் பார்த்து, "ஒனக்கு இன்னாம்மா, சலுகை புதுசா? அதுலதான படிச்சிட்டு வந்த" என்றார்.

மேடம் குரலை உயர்த்தவில்லை.

"அது சலுகை இல்லீங்க. பங்கு. எங்க பங்கு, வாங்கனேன். இன்னும் பாக்கி இருந்தா அதையும் கேட்டு வாங்குவேன். இதுதான் சலுகை. இது எனக்கு வாணாம்."

படிவத்தைத் திருப்பி என் மேசைமேல் வைத்தார். அதன் வெற்றுப் பக்கத்தில், எதை எங்கே மாற்ற வேண்டும் என்று எழுத ஆரம்பித்தார். முதலாளி அதை எட்டிப் பார்த்தார். பிறகு போய்விட்டார். டிவியில் பேசிக்கொண்டிருந்த ஒதுக்கீட்டில் முதலாளியின் சாதிக்கும் பங்கு உண்டு. அதை வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு மேடம் மாடியில் உட்காரவில்லை. என் அறையிலேயே நாற்காலி போட்டுக்கொண்டார். ஒவ்வொன்றாக மாற்றுவார், நான் என் பேரில் எடை போடுவேன், அவர் முதலாளி பேரில் தேடுவார். லாரி இல்லாத நேரத்தில் பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒரு காலி டிராக்டரைக் கூப்பிட்டு மேடையில் ஏற்றி இறக்குவோம். அந்த டிராக்டர்காரர், "என் வண்டி எளச்சிப் போச்சி, உடுங்கம்மா" என்பார். கெடு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது, நான் போட்ட எடை முதலாளி பேரிலும் வந்து நின்றது. மேடம் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

மறுபடி சென்னைக்கு அனுப்பினார். தேறியது. விலக்கு என்ற சொல் சான்றில் எங்கேயும் இல்லை. முதலாளி அதற்குக் கண்ணாடி போட்டுத் தன் அறையில் மாட்டினார். அதில் கம்பெனி பேர் இருந்தது. மேடம் பேர் இல்லை. கூடவே தேறியதன் அடையாளமாக, வட்டமாக ஒரு ஸ்டிக்கர் வந்திருந்தது. மேடம் அதை எடுத்துக்கொண்டு வந்து என் கம்ப்யூட்டரில் ஒட்டினார். "மேல மாட்டுனது அவுரு பங்கு. இது நம்மளுதுண்ணா" என்றார். அடுத்த வருசம் பெங்களூரில் வேலை கிடைத்துப் போனார். அந்தப் பன்னிரண்டு லோடைப் பற்றி முதலாளி பிறகு என்னிடம் பேசவே இல்லை. நான் மறக்கவும் இல்லை.

இப்போது பெரியவர் இல்லை. அவருடைய மகன் பார்க்கிறார். கம்ப்யூட்டர் மூன்று மாறிவிட்டது. அந்த ஸ்டிக்கர் பழைய பெட்டியோடு போய்விட்டது. போன மாதம் சின்னவர் வந்து, "எதுக்குண்ணே ரெண்டு பேரு? ஆபீஸ்னு ஒரே பேர் போட்டுக்கலாம். எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட்" என்றார்.

"வாணாங்க."

"ஏன்?"

"நா போட்ட எடை எம் பேர்ல இருக்கணும். காணாமப் போனாலும் எம் பேர்லதான் தேடணும்."

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கையில் இருந்த போனைப் பார்த்துக்கொண்டே வெளியே போனார்.

இன்று காலை ஐந்தரைக்கு மலையிலிருந்து முதல் வண்டி வந்தது. கிழங்கில் மண் ஈரமாக இருந்தது. கம்ப்யூட்டரைப் போட்டேன். இரண்டு பேர் வந்தது. கீழே இருந்ததை அழுத்தினேன்.