ரசமட்டத்தின் பாதங்கள்

இடது ஷூவைக் கழற்றி, காலுறையைச் சுருட்டி அதற்குள் திணித்துவிட்டு, வலது ஷூவின் கயிற்றில் கை வைத்தபடியே அவர் என்னிடம் கேட்டார்: “இந்தப் பந்து எந்தப் பக்கம் திரும்பும், சொல்லுங்க தங்கச்சி?”

பந்துக்கும் குழிக்கும் நடுவே பதினைந்து அடி புல்தரை, கம்பளம் போல ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. நன்றாகப் பார்த்துவிட்டு, “இடது பக்கம் மேடா இருக்கு. அதனால வலது பக்கம் திரும்பும்” என்றேன்.

“சரி. வலது பக்கம் என்ன இருக்கு?”

“மலை.”

“அதான் விஷயம். அவ்வளவு பெரிய ஆளு பக்கத்துல நிக்கும்போது கண்ணுக்குப் புத்தி மாறிடும். மேடு பள்ளமாத் தெரியும், பள்ளம் மேடாத் தெரியும்.” வெறுங்காலோடு புல்லில் ஏறினார். பந்து போகும் தடத்தை மிதிக்காமல் அதன் ஓரமாக நடந்து, பாதி வழியில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். கால் விரல்கள் ஒருமுறை விரிந்து சுருங்கின. “இடது பக்கம். ஒரு சாண்.”

ஆடுகிறவர் அவர் சொன்ன இடத்தைக் குறிவைத்து மெல்லத் தட்டினார். பந்து மேட்டில் ஏறுவதுபோல எனக்குத் தெரிந்த பக்கமாக வளைந்து குழிக்குள் விழுந்தது.

“கண்ணு ஆயிரம் சொல்லும் தங்கச்சி. கால்கிட்ட கேட்டுக்கிட்டுத்தான் நம்பணும்” என்றார், காலுறையை உதறியபடி.

மூன்று வருடங்களுக்கு முன்பு, நான் இந்த மலை கோல்ஃப் மைதானத்தின் அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரத்தில் நடந்த பேச்சு இது. கடிதங்களை இரண்டு மொழிகளிலும் எழுதுவது என் வேலை. ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமந்து, தூரம் சொல்லி, சாய்வு சொல்லி, கூடவே நடப்பது அவருடைய வேலை. அந்த வேலைக்குப் பெயர் கேடி. பெண் பார்க்கப் போனபோது மாமனார் அந்தச் சொல்லைக் கேட்டு எழுந்து நின்றுவிட்டதாகவும், “எந்த ஸ்டேஷன்ல?” என்று கேட்டதாகவும் சொல்வார். கூட வேலை செய்கிறவர்கள் அவரை ரசமட்டம் என்று கூப்பிடுவார்கள். கொத்தனார் சுவரின் மேல் வைத்துப் பார்ப்பாரே, உள்ளே ஒரு குமிழி ஓடும், அது. நேராக அவர் முகத்துக்கு எதிரேயே, “ரசமட்டண்ணே, டீ சொல்லட்டுமா?” என்பார்கள். அவருக்கு அதில் பெருமைதான்.

சின்ன உடம்பு. மேல்சட்டைப் பையில் இரண்டு பென்சில், ஒரு சீப்பு. தலையில் சீவுவதற்கு அதிகமில்லை. மலைக்காற்று லேசானது, பந்து கீழே போவதைவிட இங்கே அதிகத் தூரம் போகும் என்பதை முதல்முறை வருகிற எந்த விருந்தாளியும் நம்ப மாட்டார். அவரோடு இவர் வாதாட மாட்டார். அவர் கேட்ட மட்டையைக் கொடுத்துவிட்டு, பந்து பள்ளத்தாக்கில் போய் விழுந்ததும் அடுத்த பந்தைச் சின்ன மட்டையோடு சேர்த்து நீட்டுவார். “முதல் பந்து மலைக்கு. ரெண்டாவது நமக்கு” என்பார். திட்டிக்கொண்டிருந்தவரும் சிரித்துவிடுவார்.

போன வருடம் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று, மலைகளில் ஆடுவதற்குச் சிறந்த பத்து கோல்ஃப் மைதானங்களைத் தேர்ந்தெடுப்பதாக அறிவித்தது. விண்ணப்பத்தை எழுதும்படி மேலாளர் என்னிடம் கொடுத்தார். பனிச்சிகரம் தெரியும் மைதானங்களும், ஆற்றுப் பள்ளத்தைத் தாண்டி அடிக்க வேண்டிய மைதானங்களும் போட்டியில் இருந்தன. எங்களிடம் மூடுபனியும் பதினெட்டுக் குழிகளும் இருந்தன. கடைசிப் பத்தியில், பாதங்களால் நிலத்தைப் படிக்கும் ஒரு மனிதர் இங்கே இருக்கிறார் என்று எழுதினேன். ஆங்கிலத்தில் அது அழகான வாக்கியமாக வந்தது. இரண்டு முறை வாசித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

எங்களுக்கு நான்காவது இடம் கிடைத்தது. பத்திரிகை மலையின் படத்தைப் போடவில்லை. புல்லின் மேல் நிற்கும் இரண்டு வெறும் பாதங்களைப் போட்டிருந்தது. மேலாளர் அதைப் பெரிதாக அச்சிட்டு வரவேற்பறையில் மாட்டினார். ரசமட்டத்தின் மனைவி, பக்கத்து ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறவர், ஒருநாள் வந்து படத்தைப் பார்த்துவிட்டு, “ஊரே பாக்குற காலு. ஆனா அந்தக் காலுறையைத் துவைக்கறது நான் ஒருத்திதான்” என்றார்.

அந்தப் படம் மாட்டி இரண்டு மாதம் இருக்கும். பதிவேட்டில் கையெழுத்து வாங்க கேடிகளின் ஓய்வறைக்குப் போனேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து வலது காலுறையை உருவிக்கொண்டிருந்தார். காலுறையின் அடிப்பாகம் நனைந்திருந்தது. பந்தை நிறுத்தி வைக்கும் மரக்குச்சி ஒன்று, விரல் நீளத்தில், ஷூவிலிருந்து தரையில் விழுந்தது. அதன் முனையில் ரத்தம். குதிகாலில் அது குத்தியிருந்த ஓட்டை.

“எப்பண்ணே குத்துச்சு?” என்றேன்.

அவர் குச்சியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று ஆடியவர் சாய்வு கேட்காததால், ஷூவைக் கழற்றாமலே பதினெட்டுக் குழிகளும் நடந்திருந்தார். “தெரியலையே” என்றார். குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “தெரியலையே தங்கச்சி” என்று மறுபடியும் சொன்னார். இரண்டாவது முறை குரல் வேறாக இருந்தது.

மருத்துவருக்குத் தமிழ் தெரியாது என்பதால் அவரும் மனைவியும் என்னையும் அழைத்துப் போனார்கள். மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தில் பத்து இடங்களில் தொட்டு, தொடுவது தெரியும்போது சொல்லச் சொன்னார் மருத்துவர். ரசமட்டம் கண்ணை மூடி, புல்தரையில் நிற்கும்போது காட்டும் அதே கவனத்தோடு காத்திருந்தார். மருத்துவர் பத்து இடத்தையும் தொட்டு முடித்துவிட்டு இழையைக் கீழே வைத்தார். “எப்ப ஆரம்பிக்கப் போறாரு?” என்று இவர் என்னிடம் கேட்டார்.

வெளியே வந்ததும், மருத்துவர் எழுதிய தாளை ரசமட்டம் என் கையில் கொடுத்தார். “என்ன போட்டிருக்கு? உள்ளதைச் சொல்லுங்க.”

“சர்க்கரை ரொம்ப வருஷமாவே இருந்திருக்கு. நரம்பு கெட்டிருக்கு. வெறுங்காலோட நடக்கவே கூடாது, வீட்டுக்குள்ளகூட. தினமும் பாதத்தைக் கண்ணாடி வெச்சுப் பாக்கணும். சின்னக் காயம்னாலும் விட்டா விரலை எடுக்க வேண்டி வரலாம்.”

“அது சரி. போன உணர்ச்சி?”

“திரும்ப வர்றது கஷ்டம்.”

“கஷ்டம்னா? வருமா, வராதா?”

இரண்டு மொழியிலும் அதற்கு ஒரே சொல்தான் இருந்தது. “வராதுண்ணே.”

அவர் மனைவி கைப்பையைத் திறந்து மூடினார். பிறகு திறந்தார். அதிலிருந்து எதையும் எடுக்கவில்லை.

காயம் ஆறியதும் அவர் திரும்பி வந்தார். நான் யாரிடமும் சொல்லவில்லை. விருந்தாளிகள் இப்போது பெயர் கேட்டு வராமல் கால் கேட்டு வந்தார்கள். அவர் ஷூவைக் கழற்றி, புல்லில் நின்று, கண்ணை மூடி, விரல்களை விரித்துச் சுருக்கி, “வலது பக்கம், நாலு விரக்கடை” என்பார். சரியாகவே இருக்கும். இருபத்தாறு வருடங்கள் மிதித்த தரை. பதினெட்டின் சாய்வும் மனப்பாடம். கால் ஊமையானது பந்துக்குத் தெரியவில்லை. சாயந்தரம் அவர் மனைவி முகம் பார்க்கும் கண்ணாடியைப் பாதத்துக்கடியில் பிடித்து, புல்லின் ஒவ்வொரு கீறலையும் தேடுவார்.

பட்டியலில் முதலிடத்துக்கு வர வேண்டும் என்று மேலாளருக்கு ஆசை வந்தது. மழையில் சரிந்திருந்த ஏழாவது குழியின் தரையைத் தோண்டி எடுத்து, புது மண் நிரப்பி, புது வளைவுகளோடு அமைத்தார்கள். அது திறந்த அன்று ரசமட்டம் மூன்று பேருக்குச் சாய்வு சொன்னார். மூன்றும் தப்பு. மூன்றாமவர் வயதானவர், நல்ல மனிதர். “பரவாயில்லை, என் கைதான் சரியில்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதை மொழிபெயர்க்கச் சொல்லி இவர் என்னைப் பார்த்தார். சொன்னேன். இவர் தலையாட்டிவிட்டுப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

“உள்ளங்கைய வெச்சுப் பாத்தா தெரியாதாண்ணே?” என்று பிறகு கேட்டேன்.

“தடத்தைத் தடவிப் பாக்கறது ஆட்டச் சட்டப்படி தப்பு. இல்லேன்னாலும் கைக்கு என்ன தெரியும்? உடம்பு எந்தப் பக்கம் விழப் பாக்குதுன்னு காலுக்குத்தான் தெரியும்.”

அந்த வாரக் கூட்டத்தில், மீதிப் பதினேழு தரைகளையும் ஒவ்வொன்றாக மாற்றப் போவதாக மேலாளர் அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். ரசமட்டமும் தட்டினார்.

கூட்டம் முடிந்த மறுநாள் காலை, காலில் உணர்ச்சி இல்லை என்பதை அவரே மேலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டார். அதனால் இதை எழுதுவதில் இனி ரகசியம் எதுவும் இல்லை. இப்போது அவர் மட்டைகளைத் துடைக்கும் அறையில் இருக்கிறார். ஈரத்துணி, உலர்ந்த துணி, எண்ணெய்த் துணி என்று மூன்று கொக்கிகள். “உக்காந்து பாக்கற வேலை, ராஜ வேலை” என்கிறார். ஆனால் யார் உள்ளே வந்தாலும் கால்களை ஸ்டூலுக்கு அடியில் இழுத்துக்கொள்கிறார். வரவேற்பறைப் படத்தை இன்னும் எடுக்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது யாராவது விருந்தாளி அவரோடு படம் எடுக்க வேண்டும் என்று வருவார். மேலாளரும் வாசலில் நின்று, “ஒரு நிமிஷம்தானே, கழட்டுங்களேன்” என்பார். அவரும் கழற்றுவார். அப்போதெல்லாம் எனக்கு அலுவலகத்தில் ஏதாவது அவசர வேலை இருக்கும்.

அவர் மேலாளரிடம் போவதற்கு முந்தைய மாலையைப் பற்றி மட்டும் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை. கூட்டம் கலைந்து எல்லோரும் போன பிறகு, “கொஞ்சம் வாங்க தங்கச்சி” என்று என்னை ஏழாவது குழிக்குக் கூட்டிப் போனார். வெளிச்சம் இன்னும் இருந்தது. மலை வழக்கம்போல மிகப் பக்கத்தில் நின்றது. அவர் ஷூவைக் கழற்றவில்லை. பாதி வழியில் மண்டியிட்டு, இரண்டு பாதம் வைக்கும் அளவுக்கு ஒரு இடத்தில் கிடந்த சருகையும் சுள்ளியையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பொறுக்கிய இடத்தை, எதுவும் குத்தாதபடி, உள்ளங்கையால் ஒருமுறை துடைத்தார். பிறகு எழுந்திருக்காமலே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“செருப்பைக் கழட்டிட்டு இதுல வந்து நில்லுங்க தங்கச்சி. கண்ணை மூடிக்குங்க. அவசரம் இல்ல, நிதானமாவே நில்லுங்க. எந்தப் பக்கம் இழுக்குதுன்னு எனக்கு மட்டும் சொல்லுங்க.”