சாமி படம் ஒட்டிய கதவு

கார்பன் மோனாக்சைடு என்ற மணமில்லாத விஷவாயு கசிந்து, அதற்கான அலாரம் அடித்த வீட்டுக்கு வருகிற கேஸ் இன்ஜினியர் முதலில் கேட்க வேண்டியது, "யாருக்காவது தலை வலிக்கிறதா?" என்பது. வெளிநாட்டில், பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரில், என் மகன் வீட்டுக்கு வந்தவர் அதைக் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி. மருமகளுக்கு நாலாவது மாதம். உதவிக்கென்று நானும் மனைவியும் குளிர்காலத்திலேயே போய்ச் சேர்ந்திருந்தோம். தினமும் எழுந்ததுமே மருமகளுக்குத் தலைவலி, வாந்தி. மசக்கை என்றாள் என் மனைவி. மார்னிங் சிக்னஸ் என்றான் மகன்.

புள்ளியியல் துறையில் குப்பை கொட்டியவன் நான். எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. அந்த வீட்டில் பதினொரு ஜன்னல், ஒன்பது கதவு. ஒன்பதாவது கதவுக்குப் பின்னால்தான் வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ். அது எரியக் காற்று வேண்டும் என்பதற்காக அந்தக் கதவில் மட்டும் வரி வரியாக இடுக்கு விட்டிருந்தார்கள். அதன் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுப் பூஜை செய்யும் இடமாக்கியிருந்தான் மகன். இடுக்குக் காற்றில் விளக்கு நிற்கவில்லை என்று, மேலிருந்து கீழ்வரை பிளாஸ்டிக் தாளால் மூடி, அதன்மேல் வரிசையாகச் சாமி படங்களை ஒட்டிவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அலாரம் வீறிட்டது. மகன் கேஸ் கம்பெனிக்குப் போன் செய்து முடிப்பதற்குள் என் மனைவி பதினொரு ஜன்னலையும் திறந்துவிட்டாள். வந்த மனிதர் வாசலிலேயே ஷூவைக் கழற்றினார். அதிலேயே எல்லாருக்கும் அவரைப் பிடித்துப்போய்விட்டது. கையிலிருந்த மீட்டரை அப்படியும் இப்படியும் காட்டினார். பூஜ்யம். ஜன்னல்களை மூடி, ஃபர்னஸை ஓடவிட்டு, மறுபடி அளக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. புகைந்துகொண்டிருந்த ஊதுவத்தியைக் காட்டி, இதுதான் காரணம் என்றார்.

ஃபர்னஸ் அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்று நான் சொன்னேன். அவர் படங்களைப் பார்த்தார். நெஞ்சில் கைவைத்து, "இது உங்கள் கோயில், நான் தொடமாட்டேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"ரொம்ப டீசன்ட்டான ஆளுப்பா" என்றான் மகன்.

"டீசன்ட்டா இருந்து என்னடா? கதவத் தொறக்கலையே!"

"உங்களுக்கு எல்லாத்துலயும் குத்தம்" என்றாள் மனைவி. "உங்க தம்பி கூட நம்ம வீட்டுக்குள்ள செருப்பக் கழட்டிட்டு வந்ததில்ல."

மறுநாள் காலை ஊதுவத்தி ஏற்றாமலே அலாரம் அடித்தது. "சென்ஸார் போச்சுப்பா" என்று பேட்டரியைப் பிடுங்கி வைத்துவிட்டு மகன் ஆபீஸ் கிளம்பினான். கொஞ்ச நேரத்தில் மருமகள் சோபாவில் சுருண்டு படுத்தாள். என் தலையும் விண்விண் என்று தெறித்தது.

"உனக்குத் தலை வலிக்குதா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"ரெண்டு நாளா கனமா இருக்கு. குளிருதான்."

"எனக்கும் வலிக்குது. மூணு பேருக்கும் சேர்ந்தா மசக்கை வரும்?"

மருமகள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "மாமா, சனிக்கிழமை மான்மவுத் ஜங்ஷன்ல ஃபிரண்ட் வீட்ல இருந்தோமே, அன்னிக்குப் பூரா எனக்கு வலியே இல்ல."

அதற்கு மேல் எனக்கு எண்ண ஒன்றும் இல்லை. கோட்டை அவள்மேல் போர்த்தி, இருவரையும் பக்கத்து வீட்டுக்கு அழைத்துப் போய் அங்கிருந்து போன் செய்தேன்.

இந்த முறை வந்தது ஒரு பெண். யாருக்கு என்ன செய்கிறது என்று முதலில் கேட்டாள். உள்ளே யாரும் வரக்கூடாது, ஜன்னலைத் தொடக்கூடாது என்று அதட்டினாள். பூட்ஸோடு நேரே உள்ளே போனாள்.

"ஐயோ, ஷூவோட சாமிகிட்ட போறாளே!" என்று என் மனைவி பதறினாள்.

"போகட்டும்டி!"

திரும்பி வந்தவள், பூஜ்யத்தில் நிற்க வேண்டிய மீட்டர் கூடத்திலேயே நூற்றைத் தாண்டிவிட்டது என்றாள். அந்தக் கதவைத் திறந்து பார்த்தால், நீலமாக எரிய வேண்டிய ஃபர்னஸ், காற்றில்லாமல் மஞ்சளாக எரிந்து விஷவாயுவைக் கக்கிக்கொண்டிருந்ததாம். கேஸை மூடி, ஃபர்னஸில் இனி ஓட்டக்கூடாது என்ற சிவப்புச் சீட்டைக் கட்டி, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

ஆஸ்பத்திரியில் மருமகளுக்கு ஆக்ஸிஜன் வைத்தார்கள். குழந்தையின் இதயத் துடிப்பு கருவியில் கேட்டது. நிமிடத்துக்கு நூற்று நாற்பத்தெட்டு, நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். நான் நம்பாமல் என் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன், மறுபடியும் எண்ணினேன். அது ஒன்றுதான் என் வாழ்க்கையில் இரண்டுமுறை எண்ணிய கணக்கு. ஜூனில் பேத்தி பிறந்தாள், ஒரு குறையும் இல்லாமல்.

அதற்கெல்லாம் முன்னால், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய வாரம், கேஸ் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்த ஊழியர் மரியாதையாக நடந்துகொண்டாரா? ஐந்துக்கு எத்தனை மதிப்பெண்?

"அப்பா, போனக் குடுங்க" என்று மகன் கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை.

"ஐந்து" என்றேன். "எழுதிக்கொள்ளுங்கள். கதவைத் திறக்காததற்கு எத்தனை போடலாம்?"

அப்படி ஒரு கேள்வி தன் பட்டியலில் இல்லை என்றாள்.