கடலில்லாத ஊரில் ஷகிலா அக்காவின் மேடு

அன்று காலை நான் முதலில் கவனித்தது, மேட்டில் துளை இல்லை என்பதைத்தான்.

எங்கள் பறவைக் காப்பகம் பாப்பாரப்பட்டி போகும் சாலையில் இருக்கிறது. பின்பக்கத்துப் பெரிய கூண்டுக்குள் இடுப்பளவு உயரத்தில் ஒரு தழைமேடு உண்டு. ஷகிலா அக்கா தினமும் எனக்கு முன்னால் வந்து, வலக்கையை முழங்கை வரை அதற்குள் நுழைத்துச் சூடு பார்ப்பார். நான் துடைப்பத்தோடு உள்ளே போகும்போது அந்தத் துளை இருக்கும். அன்று மேடு மூடிக் கிடந்தது. லீவு போல என்று நினைத்துக்கொண்டு கூட்டத் தொடங்கினேன். பாதி கூட்டியிருந்தபோது, என்னோடு வேலை செய்யும் மாதம்மா அக்கா வந்து கம்பிக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். கேட்டுக்குள் நுழையும்போதே சத்தம் போட்டுக்கொண்டு வருகிறவர் அவர். "விடியக்காலம் போயிட்டாங்களாம் புள்ள. தூக்கத்துலயே" என்றார்.

பறவைக் காப்பு வேலையில் இருக்கும் உங்களில் பலருக்கு ஷகிலா அக்காவைத் தெரியும். தருமபுரியில் மெத்தை தைக்கும் குடும்பத்தில் பிறந்தவர். கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணையில் வேலையைத் தொடங்கி, பெரிய பூங்காவில் பறவைக் காப்பாளராகி, கடைசியில் சொந்த ஊர்ப் பக்கமே பொறுப்பாளராக வந்தார். அவரிடம் திட்டு வாங்காதவர் உங்களில் யாரும் இருக்க மாட்டார்கள். அவர் தன்னையே திட்டிக்கொண்டதைப் பார்த்தவர்கள் குறைவு. அதை நான் பார்த்தேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எங்களிடம் இருக்கும் ஜோடி நிக்கோபார் தீவுகளின் மெகாபோடுப் பறவை. பார்க்கக் கோழி போல இருக்கும், கால் மட்டும் பெரிது. அது முட்டை மேல் உட்காராது. மண்ணையும் சருகையும் காலால் வாரி மேடு கட்டி, அதற்குள் முட்டையைப் புதைத்துவிடும். தழை மக்கி வருகிற சூட்டில் குஞ்சு பொரியும். மாதம்மா அக்கா அதற்கு எருக்கோழி என்று பெயர் வைத்தார். "குந்தி அடைகாக்க வலிக்குதாமா இவளுக்கு? நானும் அப்பிடிப் பொறந்திருக்கலாம்" என்பார்.

தீவுப் பறவையைக் கொண்டுவந்து கடலே இல்லாத ஊரில் ஏன் வைக்க வேண்டும் என்று பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். சுனாமியில் தீவுக் கரைகளிலிருந்த மேடுகள் நிறைய அழிந்துபோனதைச் சொல்லிவிட்டு அக்கா இப்படி முடிப்பார்: "எல்லாத்தையும் கரையிலயே வெச்சிருந்தா ஒரு அலைக்கே கணக்கு முடிஞ்சிரும். ரெண்டாவது கூட்டம் எங்கியாச்சும் கடலுக்குத் தள்ளி இருக்கோணும்."

ஆனால் முதல் வருஷம் எங்கள் மேடு சூடாகவே இல்லை. புத்தகத்தில் உள்ளபடி மணலும் சருகும் கொட்டி, தீவில் மழை பெய்வது போல இருக்கட்டும் என்று தினமும் காலையில் மேலிருந்து குழாயில் தண்ணீர் விட்டார் அக்கா. இரண்டு முட்டைகள் உள்ளேயே கெட்டுப்போயின. மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து, அடுத்த பருவத்திலும் குஞ்சு வராவிட்டால் ஜோடியைக் கடலோரப் பூங்கா ஒன்றுக்கு அனுப்பிவிடலாம், அங்கே மிஷினில் பொரிக்க வைப்பார்கள் என்று சொல்லி, ஒரு தேதியும் குறித்துவிட்டுப் போனார். அக்கா அன்று சாப்பிடவில்லை. "தீவுல மிஷின் வெச்சு யாரு காத்திருக்கறாங்க? இதுங்களே மேடு கட்டி, இதுங்களே பொரிச்சாத்தான் திரும்பப் போனாலும் பொழைக்கும்" என்று சேவலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மேடு ஏன் ஆறிக் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு எருக்குழியில் மார்கழியிலும் ஆவி வரும். ஆனால் எனக்குப் பேச வராது. ஒன்பதாம் வகுப்பில் பாடம் வாசிக்க எழுப்பினால் முதல் சொல்லிலேயே நின்றுவிடுவேன், பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒரு நாள் பள்ளிக்குப் போகாமல் நின்றேன், பிறகு போகவே இல்லை. கூண்டு கூட்டுகிற வேலைக்கு வாய் தேவையில்லை என்றுதான் அம்மா என்னை இங்கே சேர்த்துவிட்டார்.

அதனால் சொல்லாமலே செய்தேன். ஒரு கூடை பாதி மக்கிய எருவை வீட்டிலிருந்து கொண்டுவந்து மேட்டின் ஒரு மூலையில் புதைத்தேன். மறுநாள் சேவல் மற்ற இடத்தையெல்லாம் விட்டுவிட்டு அந்த மூலையில் மட்டும் தலையை நுழைத்து நுழைத்துப் பார்த்தது. எனக்குச் சந்தோஷம். அதற்குள் அக்கா கையை விட்டுப் பார்த்துவிட்டார்.

"யாரு வேலை இது?"

நான் கையைத் தூக்கினேன்.

"இதுல கோழி எச்சம் இருக்குதா?"

இருந்தது. எங்கள் வீட்டுக் கோழிகள் அந்தக் குழியில்தான் மேயும்.

இவ்வளவு கோபமாக அவரை நான் பார்த்ததில்லை. "அடிப்பாவி, உங்க வூட்டுக் கோழிக்கு ஒரு சீக்கு இருந்தா இந்த ரெண்டும் செத்துரும். ஒலகத்துல எத்தனை மிச்சம் இருக்குதுன்னு நினைச்ச?" என்று கத்தினார். மூலையைத் தோண்டி எருவை அப்புறப்படுத்தினோம். பறவைகளின் எச்சத்தைச் சோதனைக்கு அனுப்பினோம். முடிவு வரும் வரை நான் கூண்டுப் பக்கம் போகவில்லை. வேலை போய்விட்டது என்றே நினைத்து அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

பறவைகளுக்கு ஒன்றும் இல்லை என்று முடிவு வந்த அன்று, அக்கா என்னைத் தேடித் தண்ணீர்த் தொட்டிக்கு வந்தார். "நீ செஞ்சது தப்பு. அத நான் விட மாட்டேன்" என்றார். பிறகு குரலை இறக்கி, "ஆனா அந்த மூலை மட்டும் எப்பிடிக் கண்ணு சூடாச்சு?" என்று கேட்டார்.

நான் தழையை அடுக்குவது போலக் கையால் காட்டினேன். "சொல்ல வராட்டி என்ன, செஞ்சு காட்டு" என்றார்.

செய்து காட்டினேன். எருவும் வேண்டாம், எச்சமும் வேண்டாம் என்பது அவர் போட்ட விதி. பச்சைத் தழை ஓர் அடுக்கு, மாஞ்சருகு ஓர் அடுக்கு, கேழ்வரகுத் தாள் ஓர் அடுக்கு. ஒவ்வோர் அடுக்குக்கும் அப்போதே தண்ணீர் தெளித்து மிதிக்க வேண்டும். கடைசியில் மேலே மண் போட்டு மூடிவிட்டால் பிறகு ஊற்றக் கூடாது. நான் குழாயின் வாயைக் கையால் பொத்திக் காட்டினேன். அக்கா குழாயையும் மேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "தெனமும் நானே ஊத்தி அணைச்சிருக்கறேன் பாரு. அடுப்புல தண்ணி ஊத்திட்டு ஏன் சோறு வேகலைன்னு கேட்டிருக்கறேன்!"

மாதம்மா அக்கா விடவில்லை. "இத எங்கிட்டக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனேங்க மேடம்" என்றார்.

"நீ வாயத் தொறந்தா சொல்றது எல்லாம் உன் சம்பந்தி கதை. இத எப்ப சொல்லியிருப்ப?"

நான்காம் நாள் மேடு சூடானது. அக்கா கையை உள்ளே விட்டு, கண்ணை மூடி, காய்ச்சல் பார்க்கிற மாதிரி நின்றார். பெட்டை முட்டையிட்டது. அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்கும் மேலாகக் காத்திருந்தோம். சூடு கூடினால் சேவல் மேட்டைக் கிளறித் திறந்துவிடும், குறைந்தால் தழையை வாரிப் போடும். குறைகிற நாட்களில் தழையும் சருகும் ஈரமாக்கி மேட்டின் அருகே குவித்து வைப்பது மட்டும்தான் எங்கள் வேலை. இடையில் அக்காவுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். அங்கிருந்தும் மாதம்மா அக்காவை ஃபோனில் கூப்பிட்டு, "புள்ள கைய விட்டுப் பார்த்துச்சா? சூடு சரின்னு தலையாட்டுச்சா, இல்லையா?" என்று கேட்டார்.

அதிகாரி குறித்துவிட்டுப் போன தேதிக்கு மூன்று நாள் முன்பு, எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மேட்டின் சரிவில் மண் தானாக உதிர்ந்தது. ஒரு கால் வந்தது. பிறகு முகமெல்லாம் புழுதியாக ஒரு குஞ்சு. இறக்கையெல்லாம் முளைத்து, முழுதாக. அம்மாவையும் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. உடம்பை ஒரு முறை உதறிவிட்டுப் புதருக்குள் ஓடிவிட்டது.

கத்தினால் பறவை மிரளும். அதனால் ஷகிலா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு ஆடினார். முக்காடு கழுத்தில் விழ, டீ புடவையெல்லாம் சிந்த, சத்தமே இல்லாமல் சுற்றிச் சுற்றி ஆடினார். மாதம்மா அக்கா கைகள் ஒன்றோடொன்று படாமல் தட்டினார். ஜெயித்தவர்கள் இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

அதிகாரி வந்து, "மேடத்தின் சாதனை" என்று ஃபோட்டோவுக்கு நிற்கச் சொன்னார். அக்கா என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். "எழுதிக்கோங்க சார். மேட்டுக்கு வழி சொன்னது இந்தப் புள்ள. ஒரு வருஷம் தண்ணி ஊத்திக் கெடுத்தவ நான். ரெண்டையும் எழுதுங்க. இல்லாட்டி அடுத்த ஊர்லயும் எவனாச்சும் ஊத்துவான்."

அப்படியே எழுதினார்கள். அந்த அறிக்கையை உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். அதற்குப் பிறகு இன்னும் மூன்று குஞ்சுகள் மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தன. அவற்றில் ஒரு ஜோடி இப்போது வேறொரு பூங்காவில் வளர்ந்து நிற்கிறது. எங்கள் ஜோடியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

ஷகிலா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். தன் தப்பை அடுத்தவர் சொல்லும் முன், தன் பெயரோடு, சத்தமாகச் சொல்லிவிடுவது. நான் கொண்டுபோன கோழி எச்சத்தைப் பற்றி இங்கே எழுதியது அதனால்தான். அறிக்கையில் அதை மட்டும் அவர் எழுதச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்ற நினைத்திருப்பார். இனி அது தேவையில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் ஆபீஸ் ஃபோன் அடித்தது. எங்கள் குஞ்சுகள் போன அந்தப் பூங்காவிலிருந்து ஓர் ஆண் குரல். அவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. "ஷகிலா மேடம் இருக்காங்களா? இங்க பெட்டை முட்டை போடற மாதிரி இருக்குது. மேடு ஜில்லுனு கெடக்குதுங்க" என்றார். மாதம்மா அக்கா ரிசீவரை என் பக்கம் நீட்டினார்.

செய்தியைச் சொன்னேன். எப்போது, எப்படி என்று விசாரித்தார். பிறகு அவர், "அப்ப யாரைக் கேக்கறதுங்க?" என்றார்.

"பேனா எடுத்துக்கோங்க, சொல்றேன்" என்றேன்.